எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்?

பல்லடம் பக்கத்தில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒருவர் குளித்து, திருநீறு பூசி, வெறும் வயிற்றோடு வந்து உட்காருவார். இன்னொருவர் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியபடி வருவார். ராத்திரி முழுக்கத் தறி ஓட்டிவிட்டு, வீட்டுக்குத் தூங்கப் போகிற வழியில் எங்களிடம் கையை நீட்டுவார். சுவர்க் கடிகாரத்தில் இருவருக்கும் ஒரே மணிதான். ஆனால் ஒருவரின் உடம்புக்கு அது விடிகாலை, மற்றவரின் உடம்புக்கு அது ஒரு நீண்ட நாளின் கடைசி.

கொலஸ்ட்ரால் பார்க்க வந்தவர் என்றால் இதில் பெரிய சிக்கல் இல்லை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைப் பார்க்க வந்தவர் என்றால் இதுதான் முதல் கேள்வி. அதனால் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடுவேன்: "ராத்திரி எப்பங்ண்ணா படுத்தீங்க? எத்தன மணிக்கு எந்திரிச்சீங்க?" பல பேர் விநோதமாகப் பார்ப்பார்கள். ரத்தம் எடுப்பவனுக்குத் தூக்கக் கணக்கு எதற்கு என்று தோன்றும்.

அந்த ஹார்மோன் தூக்கத்தோடு சேர்ந்து ஏறுகிற ஒன்று. மூளையின் ஹைப்போதலாமஸ் சிறு சிறு துடிப்புகளாகச் சமிக்ஞை அனுப்புகிறது. அதைக் கேட்டு அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டையும் ரத்தத்தில் விடுகிறது. எல்எச் போய் விரைகளைத் தட்டி எழுப்பினால் அங்கே டெஸ்டோஸ்டிரோன் உருவாகும். எஃப்எஸ்எச் விந்தணு உற்பத்திக்கு உதவும். தூங்கும்போது ஏறத் தொடங்கும் டெஸ்டோஸ்டிரோன், எழுந்திருக்கும் நேரத்தில் உச்சத்தில் இருக்கும். பிறகு பகல் முழுக்க மெல்ல இறங்கும். இளவயதுக்காரர்களுக்குக் காலை அளவுக்கும் சாயங்கால அளவுக்கும் கால் பங்கு வரைகூட வித்தியாசம் வரலாம். வயது ஏற ஏற இந்த இடைவெளி குறையும். சாப்பாடும் அதை இறக்கும்: சர்க்கரைக் கரைசல் குடித்தவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் சராசரியாகக் கால் பங்கு இறங்கியதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் காலை ஏழிலிருந்து பத்துக்குள், வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்கிறார்கள். தூக்கத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதையும் அளந்திருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்கள் 10 பேரை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க வைத்தபோது, பகல் நேர அளவு 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. 2011-ல் வெளியான ஆய்வு அது. ஒரு வாரம்தான். இங்கே வருடக்கணக்கில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தறி ஓட்டுகிறவர், ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்பவர், திருப்பூர் பனியன் கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர் முடியும்வரை 'டபுள் ஷிப்ட்' போடுபவர், சங்ககிரியிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் லாரி எடுத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போகிறவர், இவர்களுக்கெல்லாம் 'காலை' என்பது அவர்கள் நன்றாகத் தூங்கி எழுந்த நேரம். மதியம் மூன்று மணிக்கு எழுந்தால் மூன்றரைக்கு வந்து கொடுப்பதே சரி. அதைவிட நல்லது, பகல் ஷிப்ட் மாறின பிறகு சில நாள் ராத்திரித் தூக்கம் தூங்கிவிட்டு வெடியால வந்து கொடுப்பது. ஒரு பைசா செலவில்லாத யோசனை இது. ஆனால் பரிசோதனைச் சீட்டில் எங்கேயும் இதைக் கேட்கும் கட்டம் கிடையாது.

முப்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தறிக்காரர். கையில் வேறோர் இடத்தில் எடுத்த ரிப்போர்ட். டெஸ்டோஸ்டிரோன் 2.38 என்று தடித்த எழுத்தில் அச்சாகி, பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி. ரத்தம் எடுத்த நேரம் மாலை 5.20. அன்றைக்கு மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து, டீயும் போண்டாவும் சாப்பிட்டுவிட்டு, ஷிப்டுக்குப் போகும் வழியில் கொடுத்திருக்கிறார். ஆறு மாதமாக அசதி, உடம்பில் தெம்பில்லை, மனைவி பக்கத்தில் போகவே தோன்றவில்லை. ஜிம்முக்குப் போகிற மச்சான் ஒருவர் "ஊசி போட்டா ஒரே மாசத்துல சரியாயிரும் மாமா" என்று சொல்லி, ஊசிக்கும் ஏற்பாடு செய்துவிட்டார். "போட்டுக்கலாமுங்களா தம்பி?" என்றுதான் என்னிடம் கேட்டார். சொல்வது என் வேலை இல்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் மருத்துவரிடம் அனுப்பினேன்.

மருத்துவர் அவரை உட்கார வைத்துப் பேசிவிட்டு, பகல் ஷிப்ட் வாரத்தில் மறுபடி எடுக்கச் சொல்லி, கூடவே எல்எச், தைராய்டு எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் டிஎஸ்எச், மூன்று மாதச் சர்க்கரை எல்லாம் எழுதி அனுப்பினார். டெஸ்டோஸ்டிரோனுக்கும் தைராய்டுக்கும் மஞ்சள் மூடிக் குழாய், மூன்று மாதச் சர்க்கரைக்கு ஊதா மூடிக் குழாய். மஞ்சள் மூடியை அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து, ரத்தம் உறைந்த பிறகு சுழற்றினால், அடியில் ரத்தக் கட்டியும் நடுவில் ஜெல்லும் மேலே வைக்கோல் நிறத்தில் சீரமும் பிரிந்து நிற்கும். அந்தச் சீரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் 3.4 வந்தது. எல்எச் சரி. டிஎஸ்எச் 18-க்கு மேல், ரொம்ப அதிகம். தைராய்டு சுணங்கிப் போயிருந்தது. அசதிக்கும் ஆசைக்குறைவுக்கும் அதுவே போதுமான காரணம். தைராய்டு குறைந்தால் மொத்த டெஸ்டோஸ்டிரோனும் தாழ்வாகக் காட்டும். தைராய்டு பொம்பளைகளுக்கு வருகிற நோய் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. ஆண்களுக்குக் குறைவாக வருகிறது, ஆனால் வருகிறது. தினமும் காலையில் ஒரு தைராக்சின் மாத்திரை என்று அவர் சிகிச்சை தொடங்கியது. அந்த ஊசியைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இடையில் ஒன்று. 3.4 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு "நெட்டுல முன்னூறுக்கு மேல இருக்கோணும்னு போட்டிருக்குதுங்களே" என்று பதறியவர்கள் பலர். அது அலகு செய்கிற வேலை. ஒரு மில்லிலிட்டருக்கு 3 நானோகிராம் என்பதும், ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராம் என்பதும் ஒன்றுதான். அதையே வேறு சில நாடுகளில் லிட்டருக்குச் சுமார் 10.4 நானோமோல் என்று எழுதுவார்கள். எண்ணைப் படிக்கும் முன் அதன் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் அலகைப் படியுங்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் வரம்பு கொஞ்சம் மாறும். அதனால் முதல்முறை ஓரிடம், மறுமுறை வேறிடம் என்று எடுத்து ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஒரே ஒரு முறை எடுத்த எண்ணை வைத்து யாருக்கும் குறைபாடு என்று முடிவு கட்டக் கூடாது. அமெரிக்க எண்டோக்ரைன் சங்கம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது: உடம்பில் அறிகுறி இருக்க வேண்டும், வேறு வேறு நாள் காலை வெறும் வயிற்றில் எடுத்த அளவுகள் திரும்பவும் குறைவாக வர வேண்டும். காய்ச்சலில் கிடப்பவருக்கும், இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்கும் அளவு தானாகவே தாழ்ந்திருக்கும். டெங்கு வந்து தேறுகிற ஒருவர் 'அப்படியே இதையும் பார்த்துருங்க' என்று கேட்டால் நான் இப்போது வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். அவருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இந்த ஹார்மோன் என்ன செய்யும் என்பதை நம் பக்கத்து விவசாயிகள் எந்த இயந்திரமும் இல்லாமலே பார்த்து வைத்திருக்கிறார்கள். காங்கேயம் பொலிகாளையைப் பாருங்கள். திமிலும் கழுத்தும் முன்னங்காலும் பின்னங்காலும் கருகருவென்று இருக்கும். அதே இனத்துக் கன்றைக் காயடித்து எருதாக வளர்த்தால் வெளிறிய சாம்பல் நிறத்தில் நிற்கும். திமிலும் அவ்வளவு ஏறாது. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் தள்ளி நின்று பார்த்தே எது காளை, எது எருது என்று சொல்லிவிடுவார்கள். 1849-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்ட் பெர்டோல்ட் என்பவர் இதையே சேவலில் செய்து பார்த்தார். விரை எடுத்த இளஞ்சேவலின் கொண்டை சுருங்கிப் போனது. கூவவில்லை, சண்டைக்குப் போகவில்லை. விரையை எடுத்து அதன் வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் வைத்ததும் கொண்டை திரும்ப வளர்ந்தது. நரம்புத் தொடர்பு அறுந்தும் வேலை நடக்கிறதென்றால் ரத்தத்தில் ஏதோ போகிறது என்று அவர் கண்டுகொண்டார். அந்த 'ஏதோ' டெஸ்டோஸ்டிரோன் என்று பிரித்தெடுக்கப்பட 1935 ஆனது. அதுவரைக்கும் அதன் பிறகும்கூட, ஒரு சாற்றில் எவ்வளவு ஆண் ஹார்மோன் இருக்கிறது என்று அளக்க, காயடித்த சேவலுக்கு அதைச் செலுத்திக் கொண்டை எவ்வளவு வளர்கிறது என்று பார்த்தார்கள்.

ஒரு சொட்டுச் சீரத்தில் நானோகிராம் கணக்கில் அளக்க வழி திறந்துவிட்டவர்கள் அமெரிக்க ஆய்வாளர்கள் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும். 1950-களின் இறுதியில் இன்சுலினை அளக்க அவர்கள் கண்டுபிடித்த கதிரியக்க முறை பிறகு மற்ற ஹார்மோன்களுக்கும் வந்தது. பெர்சன் 1972-ல் இறந்துவிட்டார். யாலோவுக்கு 1977-ல் நோபல் கிடைத்தது. இன்று எங்கள் ஊர்களில் ஓடும் இயந்திரங்கள் கதிரியக்கத்துக்குப் பதில் ஒளியை எண்ணுகின்றன. அளக்க வேண்டிய ஹார்மோனை எதிர்ப்பொருள் பிடித்துக்கொள்கிறது என்ற அடிப்படை அதேதான். இந்த வேலையில் இருப்பதற்காக நான் பெருமைப்படும் இடங்களில் இது ஒன்று.

இனி எல்எச், எஃப்எஸ்எச். டெஸ்டோஸ்டிரோன் மட்டும் குறைவு என்று தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி. விரை சோர்ந்துவிட்டால் மூளை விடாமல் தட்டும். அதனால் எல்எச், எஃப்எஸ்எச் இரண்டும் ஏறியிருக்கும். மூளைப் பக்கமே தட்டவில்லை என்றால் இரண்டும் குறைவாகவோ, 'நார்மல்' என்ற வரம்புக்குள்ளோ கிடக்கும். பிறகு ப்ரோலாக்டின் என்ற இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோனைப் பார்க்க வேண்டும்; அது ஏறினால் மூளை தட்டுவது அடங்கிவிடும். தேவைப்பட்டால் பிட்யூட்டரியை ஸ்கேன் எடுக்க வேண்டும். வாந்திக்குக் கொடுக்கும் டாம்பெரிடோன், மனநல மருந்துகள் சில, ப்ரோலாக்டினை ஏற்றிவிடும். எனவே தின்கிற மாத்திரைகளை எல்லாம் பையோடு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

தாராபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி நினைவுக்கு வருகிறார்கள். கல்யாணமாகி நாலு வருடம். அந்த அம்மிணிக்கு எல்லா ஸ்கேனும் எடுத்தாயிற்று. ஒரு கோயில் விடாமல் நோன்பும் இருந்தாயிற்று. அவர் வீட்டுக்காரருக்கு விந்துப் பரிசோதனைகூட எடுக்கவில்லை. எடுத்தபோது அணுக்கள் இல்லை. ஹார்மோன் பார்த்தால் எல்எச், எஃப்எஸ்எச் இரண்டும் உயரம், டெஸ்டோஸ்டிரோன் தாழ்வு. மருத்துவர் கேட்ட கேள்விக்குக் கூட வந்திருந்த அவருடைய அம்மா பதில் சொன்னார்: "பதினாறு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சுங்க. கழுத்துல என்ற சங்கிலியப் போட்டு உட்டேன். அப்ப கீழயும் ரெண்டு பக்கமும் வீங்கித்தான் கெடந்தான். யார்கிட்டச் சொல்றதுங்க?" பொன்னுக்கு வீங்கி வயதுக்கு வந்த பையன்களுக்கு வந்தால் சிலருக்கு விரையைத் தாக்கும். பெரும்பாலும் ஒரு பக்கத்தோடு போய்விடும். இரண்டு பக்கமும் பலமாகத் தாக்கினால் இப்படியும் ஆகலாம். அதே மாதிரி உயர்ந்த எண்களைக் காட்டும் வேறொன்றும் உண்டு: கூடுதலாக ஒரு எக்ஸ் குரோமோசோமோடு பிறப்பது. கிளைன்ஃபெல்டர் என்று பெயர். சுமார் 600 ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறது; பலருக்குக் குழந்தை இல்லை என்று வரும்போதுதான் தெரியவருகிறது. அதனால் அவருக்கும் குரோமோசோம் பரிசோதனை எழுதினார்கள். அது சரியாக இருந்தது.

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. அந்தப் பெண்ணை நாலு வருடம் அலைக்கழித்ததற்குப் பதிலாக, இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டு ஒரு விந்துப் பரிசோதனையை முதல் மாதமே எடுத்திருக்கலாம். செலவும் குறைவு, வலியும் இல்லை. ஹார்மோன் அதற்கு அடுத்த படி. மாமியார்களும் மாமனார்களும் இதைப் படிக்க வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

தொப்பையும் சர்க்கரையும் இருப்பவர்களுக்குத் தனிக் கணக்கு. ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனில் ஏறக்குறைய 98 சதவீதம் புரதங்களைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. அதில் முக்கியமானது எஸ்எச்பிஜி. உடல் பருமனிலும் சர்க்கரை நோயிலும் எஸ்எச்பிஜி குறையும். அப்போது மொத்த அளவு தாழ்ந்து தெரியும். தனித்து ஓடும் பங்கு சரியாக இருக்கலாம். வயதானவர்களுக்கும் கல்லீரல் பழுதானவர்களுக்கும் எஸ்எச்பிஜி ஏறும். மொத்தம் நன்றாகத் தெரிந்து, உள்ளே குறைந்திருக்கலாம். எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு எஸ்எச்பிஜி, ஆல்புமின் இரண்டையும் சேர்த்து எடுத்துக் கணக்கிட்டுப் பார்ப்பதே நம்பகமானது. எடை குறைந்தால் அளவு ஏறுவதை எங்கள் ரிப்போர்ட்டுகளிலேயே பார்க்கிறேன்.

நம் ஊருக்கென்றே ஒரு தொல்லை: போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் குளித்து முடி கொட்டுகிறது என்று பையன்கள் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை தின்கிறார்கள். பல இயந்திரங்கள் பயோட்டினையே ஒட்டும் பொருளாக வைத்து அளக்கின்றன. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் டெஸ்டோஸ்டிரோன் பொய்யாக உயர்ந்தும், எல்எச், டிஎஸ்எச் பொய்யாகத் தாழ்ந்தும் வரலாம். குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்கிறேன். பிராய்லர் கோழியில் ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் ஆண்மை போகிறது என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: பல்லடம் கோழி நாற்பது நாளில் பெருப்பது இனத்தேர்வாலும் தீவனத்தாலும். கோழியை விட்டுவிட்டு உங்கள் தூக்கத்தைப் பாருங்கள்.

'வாலிப வயோதிக அன்பர்களே' என்று லாட்ஜில் அறை எடுத்து உட்கார்ந்தவர்களின் விளம்பரம் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் இருந்தது. இன்று அது செல்போனில் வருகிறது, ஆண்களுக்கான ஹார்மோன் பேக்கேஜ் என்ற பெயரில். நாற்பது வயதானாலே குறைந்திருக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையுள்ள ஆண்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2010-ல் வெளியானது. அறிகுறிகளும் குறைந்த அளவும் சேர்ந்து, வயதோடு வரும் உண்மையான குறைபாடு என்று சொல்லத்தக்கவர்கள் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேர்தான். அறிகுறி ஏதும் இல்லாதவர் இந்தப் பரிசோதனையை எடுக்கத் தேவையில்லை. லேப் நடத்துகிறவனாகவே சொல்கிறேன். ஆசை குறைவது, காலை விறைப்பு நின்றுபோவது, முகத்தில் முடி குறைவது, மார்பு வீங்குவது, காரணமில்லாமல் எலும்பு முறிவது, இப்படி ஏதாவது இருந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் போங்கள்.

இப்போது அந்த ஊசி. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், போதுமானது இருக்கிறது என்று மூளை தட்டுவதை நிறுத்திவிடும். எல்எச், எஃப்எஸ்எச் இரண்டும் சுழிக்கு அருகில் இறங்கும். விரை சுருங்கும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். இதையே ஆண்களுக்கான கருத்தடையாக்கலாமா என்று உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறது. அவ்வளவு பலமாக வேலை செய்யும். நிறுத்தினால் திரும்பி வர மாதங்கள் ஆகும்; சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல். கோவை, திருப்பூர் ஜிம்களில் உடம்பு ஏற்ற ஊசி போட்டுவிட்டு, கல்யாணம் நிச்சயமான பிறகு ஓடி வரும் பையன்களின் ரிப்போர்ட்டில் எல்எச் 0.1 என்று வரும்போது எனக்கு வயிறு கலங்கும். உடம்பு அவ்வளவு கட்டுமஸ்தாக இருக்கும். இருபத்தாறு வயது. குழந்தை வேண்டும் என்கிறவர்களுக்கு மூளைப் பக்கம் கோளாறு என்றால் கொடுக்கும் மருந்தே வேறு. அது விரையைத் தட்டி எழுப்பும் ஊசி.

உண்மையாகவே தேவைப்படுகிறவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் நல்ல மருந்து. தாராபுரத்துக்காரருக்கு ஹார்மோன் மருத்துவர் அதைத்தான் தொடங்கினார், குழந்தைக்கான வழிகளை முதலில் பேசி முடித்த பிறகு. பத்திலிருந்து பதினாலு வாரத்துக்கு ஒருமுறை போடும் நீண்ட நாள் ஊசி. அவர் இப்போது தோட்டத்து வேலையை முன்போலப் பார்க்கிறார். சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ரத்தம் கெட்டியாகலாம் என்பதால், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹிமட்டோக்ரிட் பார்க்கிறோம். 54 சதவீதத்தைத் தாண்டினால் மருத்துவர் நிறுத்தி வைப்பார். நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏவும் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் அளவை எப்போது எடுப்பது என்பது இங்கே மருந்தைப் பொறுத்தது: அவர் போடும் நீண்ட நாள் ஊசிக்கு, அடுத்த ஊசி போடுவதற்குச் சற்று முன்னால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுவதென்றால் இரண்டு ஊசிக்கும் நடுவில், தோலில் தடவும் ஜெல் என்றால் தடவி இரண்டிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள். கடைசி ஊசி போட்ட தேதியையும் ரத்தம் எடுத்த மணியையும் ரிப்போர்ட்டின் மேலேயே எழுதித் தரச் சொல்லி உங்கள் லேப்பில் கேளுங்கள். மறுத்தால் நீங்களே பேனாவால் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.